பதினோராம் டியூக்கின் மரம்

முதல் வெட்டு விழுந்தபோது தச்சர் எனாக் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். புது டியூக் லயனலுக்கு இருபது வயது. கோடரியைச் சரியாக ஓங்கக்கூடத் தெரியவில்லை. ஓக் மரத்தின் பட்டைதான் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டத்துக்கு வருகிறவர் தன் சவப்பெட்டிக்கான மரத்தைத் தானே தேர்ந்தெடுத்து முதல் வெட்டு வெட்ட வேண்டும். மிச்சத்தைத் தச்சர் வெட்டி, பலகையாக அறுத்து, அவர் சாகும்வரை கொட்டகையில் காயவைப்பார். அது என்ன வழக்கமோ போங்கள்! வாழ வருகிறவனிடம் முதலில் பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டுமா?

அன்றைக்கே அளவெடுப்பதும் எனாக்கின் வேலை. நாடா கிடையாது, கண்தான். லயனலின் அப்பாவை ஆறடி ஒரு அங்குலம் என்று அளந்தார். இரண்டே வருஷம், நரி வேட்டையில் குதிரை உருண்டு மனிதர் போய்விட்டார். பெட்டி மயிரிழை பிசகவில்லை. அடுத்து அண்ணன் ஹ்யூகோ, சரியாக ஆறடி. அளந்த எட்டாம் மாதமே பிரான்ஸ் போர்முனையில் குண்டு விழுந்தது; புதைக்க விரல்கூட மிஞ்சவில்லை. அவருடைய பலகைகள் ஆளில்லாமல் கொட்டகை மூலையில் நின்றன. காயும்போது ஓக் வெடிக்கும், தச்சருக்குத் தெரியாதா? ஆனாலும் படீரென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் எனாக், ஹ்யூகோவே கூப்பிட்டதுபோல் உளியைக் கீழே வைத்துவிட்டு, "இருங்க எஜமான்," என்பார். தன் கண் பட்டுத்தான் இருவரும் போனார்கள் என்ற நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏன்யா எனாக், நிமிர்ந்தே பாக்க மாட்டேங்குற? அளவு வேணாமா?" என்றான் லயனல்.

"கண்ணு மங்கிப்போச்சு எஜமான்."

"பொய்யி. நேத்து என் கோட்டுல பட்டன் இல்லேன்னு தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சின்ன வயதில் எனாக்கின் தச்சுக்கூடத்து மரச்சீவல்களில் புரண்டு விளையாடிய காலத்துச் சிரிப்பு அது. பிறகு லயனல் குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை நானும் பிரான்ஸுக்குப் போறேன். பயமா இருக்கு எனாக். நான் வர்ற வரைக்கும் இந்த மரத்தைத் தொடாதே. இது நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்னு ஒரு நெனப்பு."

"என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான்."

லயனல் போன பிறகு, மரத்தை வெட்டச் சொல்லி எஸ்டேட் மேனேஜர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். எனாக் ரம்பத்தை வைக்கோலுக்கடியில் ஒளித்துவைத்தார். தினமும் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி டார்கஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கேட்டேவிட்டாள். "மரத்துக்குக் காவல் இருக்கிற நேரத்துக்கு அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்ணலாமில்ல?"

"அதத்தாண்டி பண்ணிட்டிருக்கேன்."

மே மாதம் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. லயனலின் வெட்டு மேல்பக்கமாகத் தெரிந்தது.

"நீ வெட்டல, காத்து தள்ளிடுச்சு. இனிமே என்ன? அறுத்துப் போடு," என்றார் மேனேஜர்.

"அவரு நல்லா இருக்காருங்க. நேத்துதான் கடுதாசி வந்துச்சு."

மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது பத்து நாளைக்கு முந்தி எழுதினது, எனாக்."

அவர் போன பிறகு எனாக் வெறுங்கையாலேயே வேர்களின்மேல் மண்ணை வாரி வாரிப் போட்டார். அறுபத்தெட்டு வயதில் ஒரு ஓக் மரத்தைத் திரும்ப நட்டுவிடலாம் என்று பார்த்தார், பாவம். கிளை நுனிகளில் தளிர்கள் இன்னும் விரிந்துகொண்டுதான் இருந்தன. தண்டைப் பார்க்கவே கூடாது என்று முகத்தைத் திருப்பினார். கண் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் லயனல் தலை வைத்து மல்லாந்து படுத்திருப்பதுபோல், தலையிலிருந்து கால்வரை பார்வை தானாக ஓடி நின்றது.

"அஞ்சடி பத்து அங்குலம்," என்றது வாய்.

எனாக் மண் அப்பிய கைகளால் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டார்.