கூடியதும் வளர்ந்ததும்

அதிகமாவதற்கு ஸ்பானிஷ்காரன் ஒன்றுக்கு நாலு சொல் வைத்திருக்கிறான். எதை எங்கே போடுவது என்று விளக்கி, மூன்று மணிக்குள் அனுப்பச் சொல்லி பெங்களூர் ஆபீசிலிருந்து வினோலியாவுக்கு மெயில் வந்திருந்தது. மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே பாடம் எழுதுகிற வேலை அவளுக்கு. நாலரைக்கு ஸ்கேன் இருந்ததால் காலையிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள்.

நாகல் நகரில் அந்தத் தெருவில் கேட்டால் ‘ஸ்பெயின் வீடு’ என்றுதான் கை காட்டுவார்கள். வினோலியா பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்து, ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வயதான கன்னியர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டி ஆறு வருஷம் இருந்தவள். ஆயுள் முழுக்கக் கன்னியாஸ்திரீயாகவே இருப்பதற்கான கடைசி வார்த்தைப்பாடு கொடுக்காமல் திரும்பி வந்ததற்கு ஊர் ஆளுக்கொரு காரணம் கட்டியது. ஊருக்கு வாய் வலிப்பதே இல்லை. அப்புறம் கணக்கு வாத்தியார் ஆண்டனிராஜுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகி, ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் முதல் பிள்ளை, ஏழாம் மாசம்.

போன ஸ்கேனில் டாக்டரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தலையும் தொடை எலும்பும் வயசுக்குத் தக்கன இல்ல. பதினஞ்சு நாள் பாப்போம். அதுக்குள்ள பிள்ளை வளந்திருக்கணும்.” அன்றிலிருந்து வினோலியாவுக்கு உள்ளே மரத்துப்போயிருந்தது. பயமும் இல்லை, அழுகையும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தொட்டது மட்டும் தெரிந்தது. பதினைந்தாம் நாள் இன்றைக்கு.

அவள் வரிசையாக எழுதினாள். கிரெதேர்: உயிருள்ளது தானாக வளர்வது. பிள்ளை, தலைமுடி, வாழைக்கன்று. சுபீர்: ஏறுவது. காய்ச்சல், தக்காளி விலை, ஆற்றுத் தண்ணீர். இன்கிரெமெந்தார்: யாரோ மெனக்கெட்டுக் கூட்டுவது. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. சும்மா கூடியதையும் தாங்கள் கூட்டியதாகக் காட்டிக்கொள்ளலாம். ஔமெந்தார்: அளவு கூடுவது. இந்தக் கடைசிச் சொல்லில்தான் ஆபீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார்கள்.

பர்மிஷன் போட்டுவிட்டு மதியமே வந்த ஆண்டனிராஜ், செருப்பைக் கழற்றியபடி திரையை எட்டிப் பார்த்தான்.

“கூடினா கூடினதுதானே வினோ. பிளஸ்னு ஒண்ணு போட்டா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி நாலு வார்த்தையா?”

“உங்க கணக்குல முடிஞ்சிரும்.”

“சாப்டியா?”

“சாப்டேன்.” சாப்பிடவில்லை. அதைச் சொல்லி அவனோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. ‘ஔமெந்தார் என்றால் அளவு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அது வளர்ந்ததா என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது’ என்று எழுதி அனுப்பிவிட்டு, சேலை மாற்றப் போனாள்.

ஸ்கேன் அறைக்குள் கணவன்மாரை விடமாட்டார்கள். அவன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை இங்கும் அங்கும் நகர்த்தி, ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. நல்ல சேதியாக இருந்தால் டாக்டர்கள் இவ்வளவு நேரம் சும்மா இருப்பதில்லை என்பது அங்கே படுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

“எடை கூடிருக்கும்மா,” என்றார் கடைசியில்.

“கூடிருக்கா, வளந்திருக்கா டாக்டர்?”

காலையிலிருந்து செய்த வேலையின் பழக்கத்தில் வந்துவிட்ட கேள்வி அது. கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு டிஷ்யூவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“வளரலம்மா. எலும்பு போன தடவை இருந்த அதே அளவுலதான் இருக்கு. பிள்ளையோட வயித்துலயும் தோலுக்கு அடியிலயும் நீர் கோத்திருக்கு. அந்தக் கனம்தான் எடையில காட்டுது. துடிப்பு இருக்கு, ஆனா நல்லா இல்ல. விடியவும் மதுரைக்குப் போயிருங்க, நான் லெட்டர் தாரேன். உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடவா?”

“வேணாம். நான் சொல்லிக்கிறேன்.”

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு சேலையைச் சரிசெய்து அவள் வெளியே வர ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் கவுண்டரில் ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். வாசலில், மதுரை பஸ்கள் திரும்புகிற இரைச்சலுக்கு நடுவே, சின்னாளப்பட்டியில் இருக்கிற அம்மாவிடம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

“இருநூத்தி அம்பது கிராம் கூடிருக்கும்மா. பதினஞ்சே நாள்ல.”

“மாதாவே,” என்றது ஆனந்தமேரியின் குரல். “நாந்தான் சொன்னேன்ல அப்பு. வினோகிட்ட குடு.”

அவன் போனை நீட்டினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. விடியும்வரை இந்தச் சிரிப்பை விட்டுவைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் சொல்லி முடித்தபின் திரும்பப் பிடுங்குவது இதைவிடப் பாவம்.

“அத்தை, கூடினது தண்ணி. பிள்ளை வளரல.”

ஆண்டனிராஜ் சிரித்த முகம் அப்படியே நிற்க, ரிப்போர்ட்டை மறுபடி பிரித்தான். பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வண்டி சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வரிவரியாக இறக்கினான். தொடை எலும்பு, நாற்பத்து நான்கு மில்லிமீட்டர். அதிலும் நாற்பத்து நான்கு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“எதும் தப்பா அளந்திருப்பாங்களோ?” என்றான்.

“இல்லைங்க.”

“ஏம்மா வினோ,” என்று போனிலிருந்து மாமியார் மெதுவாகக் கேட்டாள், “பிள்ளைக்கு உசுரு இருக்குல்ல?”

“இருக்கு அத்தை. இப்ப வரைக்கும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வினோலியா காத்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். அவளுக்கு வரவில்லை, அவனுக்குத்தான் வந்தது.