முன்சக்கரம் முப்பத்தைந்து

என் நாத்தனாரைக் கடையில் எல்லாரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது நான்தான். நாற்பத்தாறு கிலோ எடை, ஈர்க்குச்சி மாதிரிக் கை. ஆனால் மேட்டில் ஏறும்போது காதோரம் வந்து ஒரு ரீங்காரம் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சைக்கிள் பந்தயம். நான் அவள் அண்ணன் மனைவி. சைக்கிள் கடை என்னுடையது. அதில் பழுது பார்ப்பதும் நான்தான், வருகிறவர்களிடம் சண்டை போடுவதும் நான்தான்.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் நூற்றுப்பத்து கிலோமீட்டர். அதைப் பார்க்க ஒரு பெரிய குழுவின் மேலாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. அந்தக் குழுவில் ஒரே ஒரு இடம் காலி. கொசுவுக்கு முப்பத்திரண்டு முடியப் போகிறது. அந்த வயதுக்குமேல் புது ஆளை அவர்கள் எடுப்பதில்லை. இந்த முறை கிடைத்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம், கிடைக்காவிட்டால் காலம் முழுக்க லென்ஸ்தான். அவள் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது, எனக்குத் தெரியாதா என்ன?

இருக்கிற சக்கரங்கள் பழையவை. நல்ல கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். இறக்குமதி செய்கிற ஆளைப் பிடித்து, மூன்று ஜோடிகளைப் பத்து நாளைக்கு ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தேன். விளிம்பின் ஆழத்தை வைத்துத்தான் இவற்றுக்குப் பெயர்: முப்பத்தைந்து, ஐம்பது, அறுபது, எல்லாம் மில்லிமீட்டரில். ஆழம் கூடக் கூட எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகும். பக்கக்காற்று அடித்தால் அதே ஆழம் விரித்த குடை மாதிரிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியைப் பிரித்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாகச் சக்கரம் நேராக்குகிறவள் நான். அறுபதைச் சக்கரம் நேராக்கும் தாங்கியில் மாட்டிச் சுழற்றினேன். கோணல் காட்டும் அளவுமுனையை விளிம்புக்கு எவ்வளவு நெருக்கி வைத்தும் எங்கேயும் உரசவில்லை. விளிம்பில் இழை இழையாகக் கார்பன் துணி படிந்திருந்த அழகும், கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் விறைத்திருந்த அழகும், அடடா! வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் கொசுவும் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"சாப்பாடு ஆறுது," என்றார் என் வீட்டுக்காரர். "அதுங்களையும் கூப்பிடுங்க, சேர்ந்தே சாப்பிடட்டும்."

எனக்குச் சந்தேகமே இல்லை, அறுபதுதான். கம்பெனிக்காரன் கொடுத்த அட்டவணையைக் கொசுவின் மூக்குக்கு நேராக நீட்டினேன். நாற்பது கிலோமீட்டருக்கு ஐம்பது விநாடி மிச்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அவள் அதை லென்ஸைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தச் சோதனையில சைக்கிள் மேல உட்கார்ந்தது யாரு அண்ணி? என்ன எடை?"

"யாரோ ஒரு ஆளு. அதுவாடி முக்கியம்?"

"கீழ பொடி எழுத்துல எழுபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கான். நான் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. எனக்கு எப்படின்னு இதுல இல்லையே."

அந்தப் பொடி எழுத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததை ஒத்துக்கொள்கிற பிறவியும் நான் இல்லை. "பெரிய கண்டுபிடிப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அணைக்குப் போனோம். பந்தயத்தின் கடைசிப் பகுதி அந்த அணையின் மேல்தான் போகிறது. இரண்டரைக் கிலோமீட்டர் நேர்ச்சாலை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து சும்மா வாங்கு வாங்கென்று வாங்கும். சாலையின் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"அந்தக் கோட்டு மேலயே முழு வேகத்துல போறேன்," என்றாள் கொசு. "நீங்க பின்னாடி ஸ்கூட்டர்ல வாங்க. டயர் எத்தனை தடவை கோட்டை விட்டு இறங்குதுன்னு எண்ணுங்க."

"கடிகாரம் வச்சுப் பாப்பாங்க. கோடு வச்சு யாருடி சக்கரம் பாத்தா?"

"எண்ணுங்க அண்ணி, ப்ளீஸ்."

எண்ணினேன். அறுபதில் பதினேழு முறை. நடுவில் எதிரே ஒரு லாரி வந்தது. லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, போனதும் திரும்ப அடித்ததில் முன்சக்கரம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு முழம் பள்ளத்துப் பக்கம் போனது. "ஐயோ!" என்று நான் போட்ட கத்தலுக்கு லாரிக்காரனே திரும்பிப் பார்த்திருப்பான். அவளோ கோட்டுக்குத் திரும்பி வந்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஐம்பதில் ஒன்பது முறை. முப்பத்தைந்தில் மூன்று. சக்கரத்தை மாற்றுவதும் ஓட்டுவதுமாக வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொன்றிலும் போக வர நான்கு தடவை ஓட்டினாள். எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடிற்று, குறைந்தது. வரிசை மட்டும் மாறவே இல்லை.

"சரி, உனக்குப் பயம். அதானே?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"ஆமா," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "காத்து தள்ளும்னு தெரிஞ்சா கை இறுகுது. கை இறுகினா தோள் இறுகுது. தோள் இறுகினா மூச்சு வாங்குது. அவன் குடுக்கற அம்பது விநாடியை நானே அவனுக்குத் திருப்பிக் குடுத்துடுவேன்." பிறகு பின்சக்கரத்தைத் தொட்டாள். "ஆனா ஒண்ணு அண்ணி. பிடுங்கறது எல்லாம் முன்னாடிதான். பின்சக்கரம் என் எடைக்குக் கீழ இருக்கு, திரும்பறதும் இல்ல. முன்னாடி முப்பத்தஞ்சு, பின்னாடி அறுபது போட்டுப் பாப்போமா?"

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் மாதிரி இருக்கும். நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எண்ணுங்க."

நான்கு முறைதான் இறங்கியது. வேகமானியும் வெறும் முப்பத்தைந்தைவிட மணிக்கு அரைக் கிலோமீட்டர் கூடக் காட்டியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் சக்கரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டவளுக்கு இது தோன்றவில்லையே! எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டில் பெருமைதான் அதிகம்.

இறக்குமதிக்காரன் ஜோடியைப் பிரித்துத் தரமாட்டானாம். தொலைபேசியில் தேனொழுகச் சொன்னான், "மேடம், எங்க வழக்கத்துல இல்லீங்க."

"என்ன வழக்கம்? ஓட்டறவளுக்குப் பொருந்தறது குடுக்கறதுதான் வழக்கம். மிஞ்சற முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து இன்னொரு மடையன் தலையில கட்டத் தெரியாதா உனக்கு? இத்தனை வருஷமா என் கடைக்குச் சரக்கு போடற, இன்னும் ஒரு வருஷம் போடணுமா வேண்டாமா?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாலைக்குள் சம்மதம் வந்துவிட்டது.

பந்தயத்தன்று எண்பது பெண்கள் கிளம்புமிடத்தில் நின்றார்கள். மேலாளரும் வந்திருந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய நெட்டை அம்மா, அந்தக் காலத்தில் பெரிய சைக்கிள் ஓட்டக்காரியாம். அவருடைய குழுவிலேயே நான்கு பெண்கள் அன்றைக்கு ஓட்டினார்கள், நான்கு பேருக்கும் முன்னும் பின்னும் அறுபது. அவர் வரிசையாகச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே வந்து கொசுவின் முன்னால் நின்றார்.

"என்னம்மா, கடையில ஜோடி தீர்ந்துபோச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் கொசு என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இதுதான் மேடம் ஜோடி," என்றாள் சாதாரணமாக.

மாற்றுச் சக்கரங்களோடு அணையின் மறுமுனையில் போய் நின்றேன். அன்றைக்கென்று காற்று பேய் பிடித்த மாதிரி அடித்தது, தொப்பியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தூரத்தில் கூட்டம் அணைமேல் ஏறியது. ஏறியதுமே சிதறியது. ஒருத்தி இடப்பக்கம் போகிறாள், இன்னொருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக்கைப் பிடிக்கிறாள். அந்த மேலாளரின் குழுச் சட்டை போட்ட ஒருத்தி தடுமாறி, அதே சட்டை போட்ட இன்னொருத்தி மேல் சாய, இரண்டு பேரும் விழுந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் விலகி ஓடினார்கள்.

ஓரமாக, கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தபடி, கொசு வந்துகொண்டிருந்தாள். தலையும் ஆடவில்லை, தோளும் ஆடவில்லை. கோடு போட்ட இடத்தில் தண்டவாளம் போட்டிருந்தால்கூட அப்படி வந்திருக்க முடியாது. அவள் பின்சக்கரத்தை நம்பிக்கொண்டு நான்கு பேர் ஒட்டியே வந்தார்கள். "என் ராஜாத்தி! போடி! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அதற்காகவே இன்னும் பிடித்தது.

குறுக்குச் சாலையில் ஸ்கூட்டரை விரட்டி நான் முடிவிடத்துக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐந்து பேரும் சேர்ந்தே வந்து, கடைசி ஓட்டத்தில் கொசு இரண்டாவது. அவள் மூச்சு வாங்கியபடி கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றாள். எதிரில் மேலாளர். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இடம் உனக்குத்தான்," என்றார் அவர். "ஒரே ஒரு விஷயம். எங்க குழுவில எல்லாருக்கும் ஒரே சக்கரம். முன்னும் பின்னும் அறுபது. சக்கரக் கம்பெனியோட பேசி வச்சது. சரிதானே?"

சரி என்று சொல்லுடி என் தங்கமே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். இதற்காகத்தானே எட்டு வருடமாக விடியுமுன் எழுந்தாள்? ஒரு சொல்தான், தலையை ஆட்டினால்கூடப் போதும்.

கொசு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்து இல்லாத நாள்ல போட்டுக்கறேன் மேடம். இன்னைக்கு மாதிரி அடிச்சா, முன்னாடி அறுபது என்னால பிடிக்க முடியாது. நான் விழுவேன். விழறதோட போகாது, பின்னாடி வர்றவங்களையும் சேர்த்துத்தான் தள்ளுவேன். அது தெரிஞ்சே சரின்னு சொல்ல முடியாது."

போச்சு, எல்லாம் போச்சு. பைத்தியக்காரி, வாயால் கெடுத்துக்கொண்டாளே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பதினேழு வரை எண்ணியவள் நான்தானே.

மேலாளர் நெடுநேரம் அவள் சைக்கிளையே பார்த்தார். பிறகு திரும்பி, மருத்துவ வண்டிப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய ஓட்டக்காரி ஒருத்தி மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி முழங்காலில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரெண்டு பேரும் அந்தச் சக்கரத்தை வருஷம் முழுக்க ஓட்டறாங்க," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இப்பத்தான் அழுதுக்கிட்டே சொல்றாங்க, ஆரம்பத்துலேர்ந்தே பயமா இருந்துச்சாம். ஒருத்திகூட எங்கிட்ட வேண்டாம்னு சொன்னதில்ல. இடம் போயிடும்னு பயம்." கொசுவின் தோளில் கை வைத்தார். "கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீ திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு."

அவர் போனதும் கொசு அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன், கண்ணீர் வந்துவிட்டது. அவள் கையுறையைக் கழற்றி என் கன்னத்தைத் துடைத்தாள்.

"சொல்லும்போது இடம் போயிடும்னுதான் நினைச்சேன் அண்ணி," என்றாள்.