இரண்டு மணி நேர வேலை

அண்ணி மறுநாள் காலையில் ஊரைவிட்டுப் போகிறாள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தையல் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அண்ணனுடைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டாள். அதற்குள் தம்பிக்காரன் இரண்டு காரியம் முடித்தாக வேண்டும். ஒன்று, காரின் பின்சக்கரங்களை நேராக்குவது. இன்னொன்று, அண்ணன் இறந்துபோன இந்த ஐந்து மாதமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லிவிடுவது. முதலாவது கைவேலை, செய்துவிடலாம். இரண்டாவதை எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

அது தரையோடு தரையாக இறக்கப்பட்ட கார். அண்ணனுக்கு அப்படியொரு பைத்தியம். நல்லாயிருந்த வண்டியின் ஸ்பிரிங்கைக் கழற்றி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மரை போட்ட வேறொன்றை மாட்டி, கடைசி மரை வரைக்கும் இறக்கினான். அடியில் எறும்பு போவதென்றாலும் குனிந்துதான் போக வேண்டும் என்று அண்ணி கேலி செய்வாள். அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

இப்படி இறக்கிய வண்டிக்கு ஒரு கேடு உண்டு. பின்சக்கரங்கள் மேலே உள்பக்கம் சாய்ந்து, முன்னால் லேசாக வெளியே திரும்பிக்கொள்ளும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே பார்த்தால் புது டயர். குனிந்து உள்பக்கம் பார்த்தால் கம்பி தெரியும். அதை அண்ணிதான் போன வாரம் பார்த்தாள். டயர் மாற்றிக் கொடுத்த கடைக்காரர், இறக்கின வண்டியின் பின்சக்கரத்தில் கை வைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். தம்பிக்காரனுக்கு அதில் ஆச்சரியமில்லை. அண்ணன் காலத்திலும் இதை வீட்டில்தான் செய்தார்கள்.

அவனுக்குத் தொழில் டைல்ஸ் பதிப்பது. நூலும் மட்டமும் அவன் கையில் பேசும். அண்ணன் வீட்டில் கார் நிற்கிற தரையையே, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாதபடி அவன்தான் பதித்துக் கொடுத்திருந்தான். நான்கு சக்கரத்துக்கும் அடியில் சம உயரத்துக்குப் பலகை அடுக்கி, வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, சக்கர விளிம்பின் முன்முனையிலிருந்து நூலுக்கு எவ்வளவு, பின்முனையிலிருந்து எவ்வளவு என்று இரும்பு ஸ்கேலால் அளக்க வேண்டும். அடியில் படுத்து ஒரு போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் ஒரு மில்லி, அரை மில்லியாகச் சக்கரம் திரும்பும். முக்கியமான விஷயம், டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் கனத்தில் வண்டி அமுங்கினால்தான் அளவு சரி. அண்ணன் உட்கார்ந்துகொண்டு, மேலேயிருந்து அதிகாரம் பண்ணுவான். அவன் இல்லாத நாளில் இருபது கிலோ டைல்ஸ் பசை மூட்டை நாலு, அதன்மேல் ஒரு பையில் நாலு கிலோ மணல். எண்பத்துநாலு கிலோ, அச்சு அசலாக அண்ணன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டித்தான் அந்த அளவைப் பிடித்தார்கள். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளே பின்னால் எமனாக வந்தன.

போன வருஷம் அண்ணனுக்கு வயிற்றில் நோய் கண்டது. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. வாடகை வண்டி வேண்டாம், என் வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தாழ்ந்த சீட்டில் அவன் உட்காரவில்லை, விழுந்தான். வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வானாம். ஒரு நாள் தம்பிக்குப் போன் பண்ணினான்.

"டேய், வண்டியக் கொஞ்சம் உசத்திக் குடுடா. ஏறி இறங்க முடியல."

"உசத்தினா புடிச்ச அளவெல்லாம் போயிடும்ணா. நீ நல்லாயிடு, சேர்ந்தே பண்ணலாம். எதுக்கும் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்றான். அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை. அதற்கடுத்தது வேறு ஏதோ. கேட்டால் வாய் கூசாமல் ஒரு சாக்கு தயாராக வைத்திருந்தான். உண்மை அதுவல்ல. அந்த வண்டியை உயர்த்திவிட்டால் அண்ணன் இனி எழுந்திருக்க மாட்டான் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான். அன்பு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். வலியில் துடித்தது என்னவோ அண்ணன்தான்.

இன்று காலை ஆறு மணிக்கு வந்து, முதல் வேலையாக வண்டியை மூன்று விரல் உயர்த்தினான். அப்போதும் மற்ற கார்களைவிடத் தாழ்வுதான், ஆனால் ஒரு நோயாளி ஏறி இறங்கலாம். கடைசிச் சக்கரத்தை முடித்துவிட்டு மணி பார்த்தான். எட்டு. இரண்டு மணி நேரம். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து பலகை அடுக்கினான், நூல் கட்டினான், மூட்டைகளைச் சுமந்து வந்து சீட்டில் ஏற்றினான். இடது சக்கரத்தை அளந்து, அடியில் படுத்துத் திருப்பி, மறுபடி அளந்து இறுக்கியும் விட்டான். வலதுக்குப் போகும்போது அண்ணி வாசல்படி இறங்கி வந்தாள். சீட்டில் இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள்.

"வெயிட்டு அண்ணி. சீட்டுலேர்ந்து ஆள் இறங்கினா அளவு மாறிடும், அதான். எம்பத்துநாலு கிலோ, எப்பவும் வைக்கிறதுதான்," என்றான்.

அண்ணி மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டப் போகிறது தான்தானே என்று மெதுவாகச் சொன்னாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது அவர் நாற்பத்தொன்பது கிலோ என்றும் சொன்னாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செத்துப்போன அண்ணனுக்காக ஒரு சக்கரத்தையே நேராக்கி முடித்திருக்கிறான். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். அண்ணி ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயும் இடிக்காமல் ஏறினாள். ஏறும்போதே வண்டி உயர்ந்திருப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் இடது சக்கரத்துக்கே திரும்பிப் போய், அடியில் படுத்து, போல்ட்டை மறுபடி தளர்த்தினான். முகம் பார்க்காமல் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"அண்ணி, அண்ணன் என்னை வண்டிய உசத்தித் தரச் சொல்லிக் கேட்டாரு. நான் பண்ணித் தரல. ரெண்டு மணி நேர வேலை அண்ணி. இன்னிக்குத்தான் பண்ணிப் பாத்தேன்."

மேலே சீட் ஒருமுறை லேசாக முனகியது.

"தெரியும்," என்றாள் அண்ணி. "ஞாயித்துக்கிழமை வருவான்னு சொன்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில முகம் கழுவி, சட்டை போட்டுவிடச் சொல்லி, ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. நீ அடியில படுத்தா டார்ச் புடிக்க ஆள் வேணும்னு ரெடியா இருப்பாரு. பதினோரு மணி ஆனதும், அவனுக்கு என்ன வேலையோ பாவம்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவாரு."

எத்தனை ஞாயிறு என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவனுக்கே தெரியும், ஒன்பது.

"திட்டுங்க அண்ணி," என்றான்.

"திட்டணும்னுதான் இருந்தேன். உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா போன் என் கையிலதான இருந்துச்சு? ஒரு வார்த்தை, வாடான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்ப. நீயா வரணும்னு நானும் வீம்பா இருந்துட்டேன். அவரு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருந்தாரு."

அவன் ஸ்கேலை விளிம்பில் வைத்தான். கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடின. முழங்கையால் கண்ணைத் துடைத்தான், கிரீஸ்தான் அப்பிக்கொண்டது. மறுபடி வைத்தான். அப்போதும் தெரியவில்லை. ஐம்பத்தெட்டா அறுபதா என்று ஒரு எண்கூடப் பிடிபடவில்லை. இரண்டு மில்லி பிசகினாலும் அந்தப் பிசகோடு முந்நூறு கிலோமீட்டர் அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

"என்ன ஆச்சு?"

"அளவு தெரியல அண்ணி. கொஞ்சம் இறங்கி வந்து பாத்து சொல்றீங்களா?"

"நான் இறங்கினா அளவு மாறிடும்னு நீதானே சொன்ன." அவள் அசையவில்லை. "நான் இங்கயே இருக்கேன். நீ அழுது முடிச்சிட்டுப் பாரு."

அவன் வண்டிக்கு அடியில் கிடந்து அழுதான். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாயாமல், நேராக உட்கார்ந்திருந்தாள்.