எண் இருந்த இடம்

காலை ஏழு ஐம்பதுக்கே கார் ஏற்றும் ட்ரெய்லர் தெருமுனையில் திரும்பியது. ஒன்பது மணிக்கு வருவதாகத்தான் பேச்சு.

நார்பர்ட் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாதி குடித்த காப்பியைத் தொட்டியில் கொட்டினார்.

"வந்துட்டான்."

"இப்பவேவா?" என்றாள் மனைவி டோரீன். "ஒம்பது மணிக்குள்ள நீ காரத் தூக்கிட்டு ஓடிடுவேன்னு பயந்துட்டான் போல."

"எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது பாக்கணும்னு வருவாங்க. முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெச்சுட்டா, அதுல இருக்கற கோளாறு தெரியாது."

"நீ பண்ணி வெச்சியா?"

"இல்ல."

"பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?"

சிரித்தாள். மூன்று நாளாகச் சிரித்த முகமாகத்தான் இருக்கிறாள். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டென்னசியில், தங்கை ஆர்லீன் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, சின்னதாக ஒரு வீடு வாங்கப் போகிறார்கள். மாடி இல்லை, நிலவறையும் இல்லை. சலவை இயந்திரம் சமையலறையை ஒட்டியே இருக்கிறது. இங்கே சாகினாவில் துணி துவைக்கப் பதின்மூன்று படி இறங்க வேண்டும். டோரீனுக்கு இடுப்பில் இரண்டு முறை கத்தி வைத்தாகிவிட்டது. படியில் பக்கவாட்டாகத் திரும்பி, கூடையை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து இறங்குவாள்.

அந்த வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வீட்டை விற்று வருவது போக மிச்சத்துக்குக் கார்தான். எழுபதாயிரம் டாலர் வர வேண்டும். ஐந்தாயிரம் குறைந்தால் ஆர்லீனிடம் கேட்கலாம். அதற்கு மேல் குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நார்பர்ட் வெளியே போய் கராஜ் கதவைத் தூக்கினார்.

எழுபதாம் வருடத்து ஷெவெல் கார். கருநீலம், முகப்பு மூடியில் அகலமாக இரண்டு வெள்ளைக் கோடுகள். ஆல்மா ஊருக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடந்தபோது அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை எடுத்துக் கீழே விட்டுவிட்டுத்தான் விலை பேசினார். வீட்டுக்குக் கொண்டுவந்து பதின்மூன்று வருடம் வேலை செய்தார். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, கழுவி, மாட்டினார்.

வந்தவன் பெயர் டெரல். இண்டியானாக்காரன், நாற்பத்தைந்து வயதிருக்கும். சிகாகோவில் ஒரு பல் டாக்டருக்காக வாங்க வந்திருந்தான். வணக்கம் சொல்வதற்கு முன்பே உள்ளங்கையை முகப்பு மூடியின் மேல் வைத்தான். சில்லென்று இருந்தது. தலையாட்டிவிட்டுத்தான் கை கொடுத்தான்.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்துட்டேன் சார். மன்னிக்கணும்."

"வருவீங்கன்னு தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே மொத நாள் ராத்திரியே வந்து உங்க வாசல்ல படுத்துக்கணும்."

பையிலிருந்து சிறிய காந்தத்தை எடுத்துச் சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே, மூலை முடுக்கெல்லாம் வைத்துப் பார்த்தான். உள்ளே துருவை மறைக்க மாவு பூசி ஒப்பேற்றியிருந்தால் காந்தம் நழுவிவிடும். எங்கும் நழுவவில்லை.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ்லகூட இப்படிப் புடிக்காது சார்."

பாயை விரித்து அடியில் போய்ப் படுத்தான். கொஞ்ச நேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அடியிலிருந்து ஒரு தடவை விசிலடித்தான். நார்பர்ட்டுக்கு அந்த விசில் பிடித்திருந்தது. பதின்மூன்று வருடத்தில் அடிப்பக்கத்தைப் பார்த்து விசிலடித்த முதல் ஆள்.

டோரீன் ருபார்ப் கேக்கும் காப்பியும் கொண்டுவந்தாள். கைத்தடியை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"கீழயே தூங்கிட்டாரா?"

"இல்ல மேடம்," என்றது குரல். "இங்க சாப்பாட்டுத் தட்டு மாதிரி சுத்தமா இருக்கு. எங்க வீட்டுக்காரி பாத்தா என்னைய வெரட்டிட்டு உங்க வீட்டுக்காரரக் கூட்டிக்குவா."

"தாராளமா. ஆனா அவரு சமையல்கட்டுப் பக்கம் வரமாட்டாருன்னு சொல்லிடுங்க. பாத்திரத்துக்கு எஞ்சின் கெடையாதுல்ல."

டெரல் வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டான். "சொல்லிடறேன் சார். ஒண்ணும் பேரம் பேசறதா இல்ல. கடைசியா ஒரே ஒரு விஷயம் பாத்துட்டா காகிதத்த எடுத்துக்கலாம்."

முகப்பு மூடியைத் திறந்தான். சின்ன டார்ச், பல் டாக்டர்கள் வைத்திருப்பது போலக் காம்பு வைத்த கண்ணாடி, ஒரு துணி. எஞ்சினின் முன்பக்கம், வலப்புறமாகக் குனிந்தான்.

நார்பர்ட் கேக்கைக் கையில் எடுத்தார். வாயில் வைக்கவில்லை.

அங்கே இரண்டு விரல் அகலத்தில் சமதளமான ஒரு இடம் உண்டு. அந்தக் காலத்தில் காரின் எண்ணில் கடைசி இலக்கங்களைத் தொழிற்சாலையில் அங்கே அடித்து வைப்பார்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் எண்ணும் எஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், காரோடு பிறந்த எஞ்சின் அது. அப்போதுதான் எழுபதாயிரம். இல்லையென்றால் எங்கிருந்தோ வந்த எஞ்சின், அழகான கார், அவ்வளவுதான்.

டெரல் துணியால் துடைத்தான். டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தான். மறுபடி துடைத்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, நண்பனுடைய பட்டறையில், நார்பர்ட்டும் அதே இடத்தை அப்படித்தான் இரண்டு முறை துடைத்தார்.

எஞ்சினின் மேல்தளம் லேசாகக் கோணியிருந்தது. ஒரு தலைமுடி அளவு. வேறு யாராவது என்றால் அப்படியே விட்டிருப்பார்கள். நார்பர்ட் எஞ்சின் ஆலையில் முப்பத்தொரு வருடம் செய்தது அந்த ஒரு வேலைதான், மேல்தளத்தைச் சீவிச் சமப்படுத்துவது. ஆலையில் சீவுவது முதலில் நடக்கும். எண் அடிப்பவன் வரிசையில் பின்னால், வெகுதூரம் தள்ளி நிற்பான். முப்பத்தொரு வருடமும் அவர் கைக்கு வந்த எதிலும் எண் இருந்ததில்லை. அன்றைக்கும் கை தன் பாட்டுக்கு எஞ்சினை மேசையில் ஏற்றி, இறுக்கி, கட்டரை ஓட விட்டது. ஒரே ஓட்டம். மேல்தளமும் அதை ஒட்டிய அந்த இரண்டு விரல் இடமும் கண்ணாடியாக மின்னின. எண் தரையில் பொடியாகக் கிடந்தது. அவரே பெருக்கி அள்ளினார்.

"சார்," என்றான் டெரல். நிமிரவில்லை. "இங்க நம்பர் இல்லயே."

"சீவும்போது போயிடுச்சு."

"யாரு சீவினது?"

"நான்தான்."

டெரல் நிமிர்ந்தான். டார்ச்சை அணைத்தான். "விளம்பரத்துல அதே எஞ்சின்னு போட்டிருந்தீங்க."

"அதே எஞ்சின்தான். நான் பாத்தேன். நம்பர் சரியா இருந்துச்சு."

"போட்டோ எடுத்தீங்களா? சீவறதுக்கு முன்னாடி?"

"இல்ல."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நோட்டுல இருக்கு."

"உங்க கையெழுத்துல."

"ஆமா."

"நான் நம்பறேன் சார். நெஜமா நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? பல் டாக்டர் நம்பணும். நாளைக்கு அவர்கிட்ட வாங்கறவன் நம்பணும்."

டோரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன இல்லயாம்?"

"ஒரு நம்பர் மேடம். ஏழெட்டு எழுத்துதான்." டெரல் அந்த இடத்தைக் காட்டினான். "இது இல்லன்னா நான் நாப்பத்தஞ்சுக்கு மேல போக முடியாது."

"நாப்பத்தஞ்சா?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இவ்வளவு நல்ல வேலையப் பாத்து ரொம்ப நாளாச்சு." நார்பர்ட் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "வேற யாராவது இருந்தா எழுத்து அச்சு வாங்கி நாலு தட்டு தட்டி வெச்சிருப்பாங்க. பாதிப் பேரு அதத்தான் பண்றாங்க. எனக்கே நாலு தடவைல ஒரு தடவை தெரியாது."

"எனக்கும் தெரியும். நான் பண்ணல."

"பண்ணலன்னு பாத்தாலே தெரியுது சார். ஆனா அந்த நேர்மைக்கு எழுதிக்க என் ஃபாரத்துல கட்டம் இல்லயே."

எழுத்து அச்சுகளை அவர் வாங்கத்தான் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரமே. பெட்டியைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டார். பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பன்னிரண்டு வருடமாக இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் தன்னை யோக்கியன் என்று எண்ணிக்கொண்டார். விளம்பரம் எழுதும்போதும் ஒரு பொய்யும் எழுதவில்லை. வருகிறவன் குனிந்து பார்க்காமல் போவான் என்று மட்டும் நினைத்தார்.

"இப்பதான் சீவினதா?" என்று கேட்டாள் டோரீன். டெரலைத்தான் கேட்டாள்.

"இல்ல மேடம். மேல அடிச்ச பெயின்ட்டு பழசு. பத்து வருஷத்துக்குக் கொறையாது."

டோரீன் தலையாட்டினாள். கேக் தட்டைக் கராஜ் மேசைமேல் வைத்தாள். பிறகு அந்த மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

டெரல் போன் பேச ட்ரெய்லர் பக்கம் போனான்.

"வேற ஆளு வருவான்," என்றார் நார்பர்ட். "கோடைக்காலத்துல பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது நிறுத்தி வெச்சா ஆயிரம் பேரு பாப்பாங்க. எவனாவது ஒருத்தன் கேப்பான்."

"குனிஞ்சு பாக்காத ஒருத்தன்."

அவர் கையிலிருந்த கேக்கை மேசைமேல் வைத்தார்.

"செவ்வாய்க்கெழமைக்குள்ள வருவானா நார்பி, அந்தக் குருடன்?"

டெரல் திரும்பி வந்தான். நாற்பத்தாறு. அதற்கு மேல் பல் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

நார்பர்ட் வாயைத் திறப்பதற்குள் டோரீன் சொன்னாள், "எடுத்துக்கோங்க."

"டோரி—"

"எடுத்துக்கோங்க தம்பி. இது இங்க நிக்கற ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நாள் போகுது."

கார் நார்பர்ட்டின் பெயரில் இருந்தது. கையெழுத்து அவர்தான் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டார்.

"நீங்களே ஏத்திக் குடுக்கறீங்களா சார்?" என்றான் டெரல். மரியாதைக்குச் சொன்னான். இந்த வியாபாரத்தில் அப்படிக் கேட்பது வழக்கம்.

நார்பர்ட் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. மெதுவாகச் சரிவில் ஏற்றி நிறுத்தினார். அணைக்க மனம் வராமல் கொஞ்சம் அப்படியே இருந்தார். டெரல் சக்கரங்களுக்குப் பட்டை மாட்டத் தொடங்கியதும் அணைத்தார்.

ட்ரெய்லர் போனது. தெருமுனையில் திரும்பும்போது வெள்ளைக் கோடுகள் ஒரு கணம் தெரிந்தன.

டோரீன் வாசல் பாதையில் நின்றே தங்கைக்குப் போன் செய்தாள்.

"ஆர்லீன்? அந்த மனுஷன்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு... இல்லடி, வித்தாச்சு... இல்ல. அவ்வளவு வரல... அழுவறியா? நீ எதுக்கு அழுவற? நானே அழல."

போனைப் பையில் போட்டாள்.

நார்பர்ட் கராஜ் வாசலில் நின்றார். உள்ளே காலியாக இருந்தது. எண்ணெய் சொட்டுகூட இல்லாத தரை.

"பொய் நம்பர அடிச்சிருந்தா இன்னிக்கு எழுபது வந்திருக்கும்," என்றார். "என்னால முடியல டோரி. அது ஒண்ணுதான் நான் பண்ணல."

அதை அவள் புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். நாற்பத்து நான்கு வருடம் கூட இருந்தவள்.

டோரீனின் அம்மா அவளுக்கு ஆறு ஏக்கர் நிலம் விட்டுப்போயிருந்தாள். அதில் மாடியில்லாத ஒரு வீடு கட்டுவதாகத்தான் முதலில் பேசினார்கள். பெயின்ட்டுக்கும் பாகங்களுக்கும் பணம் போதாமல் போனபோது, நிலத்தை விற்றுக் காரில் போடலாம் என்றார் நார்பர்ட். வக்கீல் அலுவலகத்து வாசலில் அவள் ஒரு தடவை நின்று, நிச்சயமா என்று கேட்டாள். பேங்கில் போட்டது மாதிரி, இரண்டு மடங்காக வரும் என்றார். அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்ட் மாதம். கடும் வெயில். கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

அவள் நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். கைத்தடி இல்லாமலேயே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ அத சீவின நாள் உனக்கு மறந்திருக்காது. சொல்லு. எங்கம்மா நெலத்த விக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"