முப்பத்தைந்துக்குச் சில்லறை

படகுத்துறையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, அடிதடியில் உண்டானது. பயணியின் பெட்டியை யார் தூக்கினாரோ அவருக்கே அந்தப் பயணி. டாலர் சில்லறை வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வாங்க வேண்டும். இன்னொருவன் குறுக்கே புகுந்து நோட்டை நீட்டினால், அன்றோடு அவனுக்குத் துறையில் பிழைப்பு இல்லை.

ஆற்றின் அக்கரை வேறு நாடு. அதற்கான விசாவை இக்கரையிலேயே ஒரு கண்ணாடிக் கூண்டில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். முப்பத்தைந்து அமெரிக்க டாலர், ரொக்கமாக. மீதி தர மாட்டார்கள். கிழிந்த நோட்டு, பேனாக் கிறுக்கல் விழுந்த நோட்டு செல்லாது. பக்கத்திலிருக்கும் பணம் மாற்றும் கடையில் நூறு டாலர் நோட்டைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. ஒற்றை டாலரும் ஐந்து டாலரும் சுமைகூலிகளின் மடியில்தான் இருக்கும். அக்கரையிலிருந்து வருகிற பயணிகள் கூலியாகக் கொடுத்தவை. அதை மாற்ற வங்கிக்குப் போனால், எங்கே திருடினாய் என்று கேட்பார்கள். அதனால் புறப்படுகிற பயணிகளிடம் கொஞ்சம் லாபம் வைத்து விற்றுவிடுவார்கள்.

அந்தத் துறையில் சுமை தூக்கும் ஒரே பெண்ணுக்குச் சும்மாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை இல்லாதபோதும் தலையிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுக்க மாட்டாள். தன் டாலர்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி இடுப்பில் செருகியிருப்பாள். ஒரு மடிப்பு விழாது.

அன்று மதியம் ஒரு கார் வந்து நின்றது. பருத்த ஆள் ஒருவர் இறங்கினார்.

"பெட்டியப் பாத்துத் தூக்கும்மா. உள்ள டெண்டர் பேப்பர் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அக்கரையில கையெழுத்துப் போடலன்னா மொத்தமும் போச்சு."

அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கார் டிரைவர் டீக்குக் காசு கேட்டான். அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"சில்லறை இல்லப்பாஆ."

பெட்டியோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் முகத்தை அவள் மறந்திருந்தாள். தலைக்குச் சாயம், விரலில் மோதிரம், முன்னால் தள்ளிய வயிறு. ஆனால் அந்த இழுவையை எப்படி மறப்பாள்? கட்டட வேலையில் கலவை சுமந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் கேட்ட குரல் அது.

அப்போது அவர் மேஸ்திரி. கூலியைத் தனித்தனியாகக் கொடுக்க மாட்டார். நாலு பேருக்குச் சேர்த்து ஒரு பெரிய நோட்டு. "பிரிச்சுக்குங்க" என்பார். அதை மாற்ற அவர் மச்சான் கடைக்குத்தான் போக வேண்டும். சாமான் வாங்கினால்தான் மச்சான் மாற்றுவான். வேண்டாத சோப்பையும் சிகரெட்டையும் தலையில் கட்டுவான்.

ஒரு சனிக்கிழமை மச்சான் கடை பூட்டிக் கிடந்தது. அந்த நாலு பேரில் ஒருவன் அவள் புருஷன், ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி. நோட்டைத் திங்கள்வரை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. பேச்சு முற்றிக் கை வந்தது. கைக்குப் பின் மண்வெட்டி வந்தது. வீசியவன் தம்பி. விழுந்தவன் புருஷன். எழவில்லை.

"குடிச்சிட்டு அடிச்சிக்கிட்டானுங்க" என்று போலீசிடம் சொன்னார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து பீடி எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளுக்குப் பையின் உட்புறம் தெரிந்தது. கட்டுக் கட்டாகச் சில்லறை நோட்டுகள்.

தம்பி இன்னும் சிறையில்தான் இருக்கிறான். அவள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போய் எதைப் பேசுவது?

கூண்டின் முன்னால் பெட்டியை இறக்கி வைத்தாள். அவர் நூறு டாலரை உள்ளே தள்ளினார். அது அப்படியே திரும்பி வந்தது.

"முப்பத்தஞ்சு. சரியாக் குடுங்க."

"மீதிய நீங்களே வெச்சுக்குங்க சார்."

கூண்டிலிருந்த அதிகாரி தன் தலைக்கு மேலிருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்தார். "என் வேலைக்கு உலை வைக்கிறீங்களா? நகருங்க."

அவர் நகர்ந்து, வரிசையில் நின்றவர்களிடம் சில்லறை கேட்டார். அவரவர் விசாவுக்கு எண்ணி எடுத்து வந்தது மட்டும்தான் ஒவ்வொருவரிடமும் இருந்தது. சுமைகூலிகளின் தலைவன் மீசையிடம் போனார். அவன் கையை விரித்தான்.

"உங்க பெட்டி அக்கா தலையில வந்துச்சு. அக்காகிட்டக் கேளுங்க."

அவர் திரும்பி வந்தார். "என்னம்மா, சில்லறை வெச்சிருக்கியாமே. இந்தா நூறு. முப்பத்தஞ்சு குடு, மிச்சம் உனக்கு."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். மீசை ஓடி வந்து காதருகே குனிந்தான்.

"அக்கா, வேண்டாம்னா எனக்காவது விட்டுக் குடு."

"போடா."

படகு முதல் சங்கை ஊதியது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "இருநூறு வாங்கிக்க. என்ன பொம்பள நீ!"

"என்னத் தெரியுதா மேஸ்திரி?"

மேஸ்திரி என்று அவரை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். முகம் சுருங்கியது.

"யாரு நீ?"

"நாலு பேருக்கு ஒரு நோட்டு குடுத்தீங்களே."

"எத்தனையோ நாலு பேரு. எனக்கெப்படித் தெரியும்?"

"மண்வெட்டி."

இப்போது தெரிந்தது. தெரிந்ததும் கண்கள் படகின் பக்கம் ஓடின.

"அது... அவனுங்க குடிச்சிட்டு..."

"குடிக்க எங்க இருந்துச்சு காசு? நீங்க குடுத்த நோட்டுதான் கடைசிவரைக்கும் உடையவே இல்லையே. என் புருஷன் மண்டைதான் உடைஞ்சுது."

கூலிகள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்து நின்றார்கள்.

"சரி தாயி, தப்புதான். ஒத்துக்கறேன். கால்ல வேணாலும் விழறேன். குடு."

"விழ வேண்டாம். வயித்த மடக்கக் கஷ்டமா இருக்கும்."

அவள் எழுந்து இடுப்பிலிருந்து அட்டைகளை எடுத்துப் பிரித்தாள். பெட்டியின் மேல், அவர் கண்ணெதிரே, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். இஸ்திரி போட்டதுபோல் மொடமொடப்பான நோட்டுகள். முப்பத்தைந்து டாலர். அவர் கை நீண்டது. அவள் உள்ளங்கையை நோட்டுகளின் மேல் அழுத்தினாள்.

"சில்லறை இல்லப்பாஆ" என்றாள்.

அதே இழுவை. ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

அவர் கத்தினார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க முதலாளி" என்றான் மீசை. "கேஸ் என்னன்னு எழுதுவாங்க? சில்லறை குடுக்கலன்னா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பிலேயே இரண்டாவது சங்கும் ஊதியது. படகில் ஏறும் பலகையை இழுத்துக்கொண்டார்கள். படகு விலகியது. அடுத்த படகு மறுநாள் காலையில்தான்.

"யாராவது பெட்டியக் கார் வரைக்கும் தூக்குங்கப்பா" என்றார் கடைசியில். குரலில் சத்து இல்லை. ஒருவரும் அசையவில்லை. அது அக்கா பெட்டி. அக்கா அதன் மேலிருந்த தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவரே கைப்பிடியைப் பிடித்து, கல் பாவிய மேட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். பாதி மேட்டில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு கீழே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தலை மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டுகளை ஓரம் தட்டி அட்டைக்குள் வைத்துக் கட்டினாள்.

"இருநூறு டாலர் அக்கா" என்றான் மீசை. அவனுக்கு மனசே ஆறவில்லை. "விட்டுட்டியே."

"நாளைக்கு நான் வர மாட்டேன். எனக்கு வர்ற பெட்டியும் நீயே தூக்கிக்க."

"எங்க போற?"

"ஜெயிலுக்கு."

"சில்லறை குடுக்காததுக்கா?"

"தம்பியப் பாக்கடா. இத்தன நாள் வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு இருந்தேன்."

சக்கரத்தைக் குனிந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்து மடியில் போட்டுக்கொண்டாள்.