நாளைக்கு ஒரு திருப்பு

மின்விசிறிக்கு நேர்கீழே, மேசைக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் மருத்துவ நிதி அதிகாரி. அவருக்கு வலப்புறம் ஷிப்ட் போடுகிற மேற்பார்வையாளர். வேலையாட்கள் வைத்த பெயர் விசில். சன்னலோரம் எழுத்தர். இந்தப் பக்கம் கிடந்த ஒரே நாற்காலியில் ஒன்பது வயதுப் பெண். அவளுக்குப் பின்னால், பாட்டில் கழுவும் பிரிவிலிருந்து ஈரச் செருப்போடு வந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்த அப்பாவை ஓவர்டைம் என்று லாரிக்குப் பெட்டி ஏற்ற நிறுத்திவிட்டார்கள்.

அதிகாரி ஒரு கவரைக் கவிழ்த்தார். நான்கு கம்பிக் கால்களும் நடுவில் திருகாணியும் வைத்த கருவி மேசைமேல் விழுந்தது. பிளந்த அண்ணத்தோடு பிறந்து, கைக்குழந்தையிலேயே தையல் போட்ட பெண். குறுகிப்போன மேலண்ணத்தை விரிக்க அதை மாட்டியிருந்தார் பல் டாக்டர். அண்ணம் விரிந்தால் மூக்கிலும் வழி விரியும் என்றார். சின்னச் சாவியால் நாளொன்றுக்கு ஒரு திருப்பு. அவ்வளவுதான்.

“ஒண்ணுன்னா ஒண்ணு. ரெண்டு ரெண்டா திருப்பிக் கம்பியை வளைச்சு, பிள்ளை வாயைப் புண்ணாக்கி, டாக்டர் கழட்டும்படி வச்சிருக்கீங்க” என்றார் அதிகாரி.

“வேணும்னா செஞ்சோம் சார்? ரெண்டு பேருக்கும் பகல் ஷிப்ட் இருந்தப்ப அவர்தான் திருப்புவாரு. திடீர்னு அவரை நைட்டுக்கு மாத்திட்டாங்க. இனி நாமதான்னு நான் சாயங்காலம் திருப்பினேன். அவரு, நம்ம வேலை விட்டுப்போகக் கூடாதுன்னு காலையில வந்து திருப்பியிருக்காரு. எட்டு நாள். டாக்டர்தான் ரெண்டு தரம் சொல்லியிருக்காரு போலன்னு இவளும் வாயைக் காட்டியிருக்கா.”

“புருஷன் பொண்டாட்டி பேசிக்க மாட்டீங்களா?” என்றது விசில்.

“எப்போ பேச? நான் உள்ள வர்றப்ப அவர் வெளிய போறாரு. கேட்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசினா நீங்கதானே ஊதுறீங்க!”

எழுத்தர் சிரிப்பை இருமலாக்கினார். விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“மாட்டின பத்தாம் நாள் வாயை மூடித் தூங்கினா சார். பொறந்ததுல இருந்து முதல் தடவை. இந்த மாசத்துக்குள்ள புதுசு போடலைன்னா விரிஞ்சது திரும்பச் சுருங்கிடுமாம்.”

“மூக்கு இருக்கு, வாய் இருக்கு, மூச்சு விடுது. மிச்சமெல்லாம் அழகுக்கு. நிதி அழகுக்கு இல்லம்மா.” அதிகாரி எழுத்தர் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. பெற்றோரின் கவனக்குறைவு. மாற்றுக் கருவிக்கு அனுமதி இல்லை.”

“ஷிப்ட் மாத்தினதையும் போடுங்க சார்.”

“லெட்டர் ஆஸ்பத்திரிக்குப் போவுது. அவங்களுக்கு எதுக்கு உன் ஷிப்ட் கதை?” என்றார் அதிகாரி.

எழுத்தர் தட்டச்சு செய்து முடித்ததும் அறையில் பெண்ணின் மூச்சு மட்டும் கரகரவென்று கேட்டது.

“வாயை மூடச் சொல்லும்மா. என்ன இரைச்சல்!” என்றார் அதிகாரி.

அம்மா சொல்லவில்லை. பெண் தானே உதட்டைச் சேர்த்துக்கொண்டாள்.

எழுத்தர் தாளை மூன்றாக மடித்தார். உறையில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினார். முத்திரை ஒரு முறை சரியாக விழவில்லை, மறுபடி குத்தினார். பெண்ணின் கழுத்து நரம்பு புடைத்தது.

“வாயைத் திற கண்ணு” என்றாள் அம்மா, குனிந்து.

பியூன் உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். அதிகாரி அடுத்த கோப்பைப் பிரித்திருந்தார். இறுக மூடிய வாயோடு, கண்ணில் நீர் கட்ட, அவர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் பெண்.