பந்து போகும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிர்மலா பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஜெயசுதா வீட்டுக்குப் போவதை நைனார்பாளையம் மேற்குத் தெருவில் பார்க்காதவர்கள் கிடையாது. அந்த வீட்டில் பால் குடிக்க ஆளில்லை என்பதும் தெருவுக்குத் தெரியும். ஜெயசுதாவின் புருஷன் லாரியோடு நாக்பூர் பக்கம் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். ஜெயசுதாவுக்கோ பால் வாசனையே ஆகாது. ஆனாலும் சொம்பு வரும், கதவு சாத்தப்படும், ஜெயசுதா தன் போனை அந்தச் சொம்பின் மேலேயே சாய்த்து வைப்பாள். அதில் ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊரின் பச்சைப் புல் மைதானம் தெரியும். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அன்றைக்கும் நிர்மலா அப்படித்தான் வந்தாள். ஜெயசுதா மட்டும் வழக்கம்போல இல்லை. மூன்று வாரமாக ஒரு சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு புழுங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதைக் கேட்ட சூட்டோடு நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளுக்கு அது எத்தனை பெரிய உபாதை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிர்மலாவின் ஒரே மகன் கவியரசன். நர்சிங் படித்து, சென்னையில் ஆறு மாதம் ஜெர்மன் பாஷையும் படித்து, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனவன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அப்பா சின்னதுரை தியாகதுருகத்தில் மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் வைத்தார். கேட்டால் மாட்டேன் என்பான், நாளை வைத்துவிட்டால் வந்துதானே தீரவேண்டும் என்று அவருக்கு ஒரு ராஜதந்திரம். அவன் வரவில்லை. பெண் வீட்டார் பந்தியில் போட்ட இலையை அப்படியே மடக்கிவிட்டு எழுந்து போனார்கள். வீடு திரும்பிய சின்னதுரை, பட்டு வேட்டியோடு நேராக மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் போர் குழாய்க்கடியில் போய் உட்கார்ந்து மோட்டாரைப் போடச் சொன்னார். தெருவே பார்க்க, செத்தவனுக்கு முழுகுவதுபோல மகனுக்குத் தலைமுழுகினார். ஜெயசுதா மொட்டை மாடியிலிருந்து பார்த்தாள். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

சேதி ஜெர்மனிக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. இந்தத் தெருவில் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மறுநாளிலிருந்து கவியின் நம்பர் உபயோகத்தில் இல்லை. நிர்மலா அழுததை யாரும் பார்க்கவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள், அவ்வளவுதான். அது ஆயிற்று இரண்டு வருஷம்.

தெருவில் இருப்பவர்கள், தெருவை விட்டுப் போனவர்கள் என எல்லார் பேரையும் போனில் அடித்துப் பார்ப்பது ஜெயசுதாவின் மத்தியானப் பொழுதுபோக்கு. யார் மருமகள் எந்தக் கோயில் வாசலில் யாரோடு நின்று படம் எடுத்தாள் என்பதெல்லாம் அப்படித்தான் அவளுக்குத் தெரியவருகிறது. போன ஐப்பசியில் கவியரசன் பேரை அடித்தபோது, எலுமிச்சை நிறச் சட்டையும் கையில் தலையணை மாதிரி உறையும் போட்டுக்கொண்டு, தாடி வைத்த ஒருவன் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றான். பள்ளிக்கூடத்திலும் அவன் கோல்கீப்பர்தான். வெள்ளிமலையில் நடந்த ஒரு போட்டிக்குப் போய் மூக்கு உடைந்து வந்து, அதற்காக அப்பனிடம் தனியாக அடி வாங்கியவன்.

அதன்பிறகு ஜெயசுதா அந்த ஆட்டத்தை ஒரு குடும்ப விவகாரத்தை விசாரிப்பதுபோல விசாரித்தாள். ஜெர்மன் எழுத்தைப் போனே தமிழாக்கிக் கொடுத்தது. பாதி புரிந்தது, மீதியை அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள். அங்கே பந்தாட்டத்தைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உச்சியில் டி.வி.யில் வருகிற கோடீஸ்வரர்கள். அங்கிருந்து இறங்கி இறங்கி ஆறாவது படிக்கு வந்தால் லாண்டஸ்லீகா என்று ஒன்று, அந்த வட்டாரத்து ஊர்கள் மட்டும் ஆடுவது. ஆடுகிறவர்கள் ரொட்டி சுடுகிறவன், தபால் போடுகிறவன், குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். கூலி கிடையாது. ஆசைக்கு ஆடுகிறார்கள். மழையிலும் பனியிலும் சும்மா விழுந்து புரள்கிறானா என்று நிர்மலாவுக்கு முதலில் ஆறவே இல்லை. வருஷக் கடைசியில் முதலில் வந்த டீம் ஒரு படி ஏறும், அடியில் கிடக்கிற டீம் ஒரு படி இறங்கும். வடக்கனந்தல் பேரூராட்சியை மறுபடி பஞ்சாயத்தாக்கினால் எப்படி, அப்படி என்று ஜெயசுதா விளக்கினாள்.

அந்த மைதானத்தில் கேமராவுக்கு ஆள் கிடையாது. கம்பத்தின் மேல் அது தானாக இருக்கும், பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். அதுதான் சிக்கல். பந்து எதிரி கோல் பக்கம் இருக்கிற வரைக்கும் கவி படத்தில் இருக்கமாட்டான். முதல் இரண்டு வாரம் ஜெயசுதா இதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம், சிவப்புச் சட்டைக்காரர்கள் பந்தை உருட்டிக்கொண்டு கவி இருக்கும் பக்கம் பாய்ந்தபோது நிர்மலா முழங்காலில் எழுந்து நின்று கையைத் தட்டினாள்.

"இன்னாக்கா இது, எதிராளி வர்றான், நீங்க கைய தட்டுறீங்க?"

"அவன் வந்தாத்தான சுதா இவன் தெரியறான்."

ஜெயசுதா போனை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

கவியின் டீம் மட்டமான டீமாக இருந்தது நிர்மலாவின் அதிர்ஷ்டம். வாரா வாரம் எதிராளி கவியின் பக்கமே முகாமிட்டிருந்தான். மகனைக் கண்ணாரப் பார்த்தாள். இளைத்துவிட்டான், தாடி நன்றாக இல்லை, இடது காலைச் சாய்த்து வைக்கிறான், குளிர் தாங்காமல் குதிக்கிறான். படத்துக்குக் கீழே பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு எண் வரும், பத்தோ பன்னிரண்டோ. அதற்குப் பக்கத்தில் எழுதவும் இடமிருந்தது. அம்மா பாத்துகினு இருக்காங்கன்னு ஒரு வரி போட்டுவிடட்டுமா என்று ஜெயசுதா கேட்டதற்கு நிர்மலா அவள் கையையே பிடித்துக்கொண்டாள். தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவான் என்று பயம்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறீர்கள் என்றும் ஜெயசுதா நோண்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் கேட்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் அவரே மாட்டைக் கறந்து சொம்பையும் நிரப்பி வாசலில் வைத்துவிடுகிறார் என்றாள் நிர்மலா, அதில் விசேஷம் ஏதும் இல்லாததுபோல.

மூன்று வாரத்துக்கு முன்பு அவள் படித்த சேதி இது: கவியின் டீம் அடியில் கிடக்கிறது. இப்போது எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நிற்கிறது, ஜெயித்தால் தப்பிக்கும். சமமாக முடிந்தாலும் இறக்கிவிடுவார்கள். கீழே உள்ள படியில் நேரலை கிடையாது, கேமராவைக் கழற்றிவிடுவார்கள். மகன் பக்கம் எதிராளி வரவேண்டும் என்று வாரா வாரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. நிர்மலாவிடம் சொல்லவில்லையே தவிர, டீக்கடை தனசேகரனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டத்தைப் போனில் எங்கே போய்ப் பார்ப்பது என்று அவன் கேட்டான். அதையும் அனுப்பிவிட்டாள். யாருக்கும் சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

கடைசி ஆட்டம் ஆரம்பித்தது. கல்வராயன் மலைப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஜெயசுதா வீட்டில் ஒயர் போட்ட நெட், மற்ற வீடுகளைப்போலப் படம் பிந்தி வராது, சிக்கல் இல்லை. அன்றைக்கும் எதிராளிக்குச் சிவப்புச் சட்டைதான், வந்துகொண்டே இருந்தார்கள். கவி விழுந்தான், எழுந்தான், இரண்டு கையாலும் குத்தித் தள்ளினான். நிர்மலாவுக்குத் திருவிழா. அரை மணியில் ஒன்று உள்ளே போயிற்று. கவி வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். படத்துக்குக் கீழே இருந்த எண் அறுபதைத் தாண்டியிருந்தது. ஜெயசுதா அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. இன்னிக்கு ஜெயிக்கலன்னா இவங்கள கீழ எறக்கிடுவாங்க. அங்க கேமரா இல்ல."

"இல்லன்னா?"

"இனிமே பாக்க முடியாது."

நிர்மலா முந்தானையால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"எத்தினி நாளா தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா நீ வாய மூடிகினு இருந்தியா?" என்று சொல்லிச் சிரிப்பதுபோல ஏதோ செய்தாள். ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டாள். தனசேகரன் நினைப்பு வந்தது.

"இப்ப இன்னா வேண்டிக்கணும் நானு?"

"பந்து எதிராளி பக்கமே இருக்கணும்னு வேண்டிக்குங்க."

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள். போனில் ஊதிய விசில் இரண்டு மூச்சு கழித்து அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி கேட்டது. பிறகு தெருமுனையில், டீக்கடைப் பக்கம். அந்த நேரத்தில் தெருவில் ஒரு சீரியல் பாட்டுகூட ஓடவில்லை. நிர்மலா கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் கவி இல்லாத புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மகனுக்காக உட்கார்ந்திருந்தாள். சிவப்புச் சட்டைகள் நடுக்கோட்டைத் தாண்டினால் அவள் கை தட்டத்தான் எழுந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பந்து அந்தப் பக்கமே இருந்தது. ரொட்டி சுடுகிறவனோ தபால்காரனோ ஒருவன் தலையால் இடித்து உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அரை மணி நேரமாகப் பிள்ளையைப் பார்க்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் கவியின் டீமுக்கு மைதானத்து மூலையிலிருந்து உதைக்கிற கார்னர் ஒன்று கிடைத்தது. மைதானத்தில் யாரோ மத்தளம் போன்ற ஒன்றைத் தட்டத் தொடங்கினார்கள், கோயில் உடுக்கைபோல, விடாமல். அப்போது படத்தின் ஓரத்திலிருந்து எலுமிச்சை நிறச் சட்டை ஓடி வந்தது.

"சுதா, வாசல வுட்டுட்டு எங்க வர்றான் இவன்?"

"இனிமே அங்க காக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. அதான் எல்லாரும் இங்க."

அவன் இவ்வளவு கிட்டத்தில் வந்ததே இல்லை. சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே நின்று, முழங்கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். கரும்புக் காட்டில் சின்னதுரை துடைப்பதும் அப்படித்தான். நிர்மலா போனைச் சொம்போடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பந்து வந்தது. கவி எம்பினான். பந்து அவன் தலைக்கு ஒரு விரற்கடை மேலே போனது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். கேமரா தன் வேலையைப் பார்த்தது. கவியை அங்கேயே விட்டுவிட்டுப் பந்தோடு திரும்பியது. ஆளில்லாத புல், ஆளில்லாத கோல் கம்பம். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போயிற்று. யாரும் ஓடி வந்து படத்துக்குள் நுழையவில்லை. விசில் மூன்று முறை ஊதியது. படம் இருண்டு, நன்றி என்று ஜெர்மனில் ஏதோ எழுத்து வந்தது.

ஜெயசுதா போனைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சும், அதற்கப்புறம் மூன்று விசிலும் கேட்டன. பிறகு டீக்கடையில் பத்துப் பேரின் ச்சூ என்ற சத்தம், அங்கேயும் மூன்று விசில். இப்போது நிர்மலா தலையைத் தூக்கினாள். ஜெயசுதா வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டிப் பேசாதே என்றாள்.

மத்தளம் கேட்டது. இன்னும் எங்கோ அந்த மத்தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிர்மலா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை. தகரக் கூரை, உள்ளே போனில் பேசினால் பாதி வார்த்தைதான் போகும் என்று சின்னதுரை தெருவுக்கு வந்து நின்று கத்திப் பேசுவது வழக்கம். அங்கே எல்லாமே தாமதமாகத்தான் வந்து சேரும். கொட்டகைக்குள் விளக்குப் போடவில்லை. கறவை மாட்டின் வயிற்றில் மட்டும் சின்னதாக ஒரு போனின் பச்சை வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

ஜெயசுதா பின்னால் வந்து நின்றாள். முன்னால் போகவில்லை. நிர்மலா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. மத்தளம் விடாமல் அடித்தது. அங்கே இன்னும் கார்னர் உதைக்கப்படவில்லை. அங்கே கவி இப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தான்.